கணக்கில் வராத 12 ஆட்டங்கள்

வாசகர் கடிதம்

ஐயா, எனக்கு 20 வயது. நீலகிரியில் பி.காம். இறுதி ஆண்டு படிக்கிறேன். அப்பா இங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் 22 ஆண்டுகளாகப் புல் வெட்டும் வேலை செய்கிறார். நான் 12 வயதிலிருந்து விடுமுறை நாட்களில், ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக வேலை செய்தேன். உறுப்பினர்கள் கொடுத்த பழைய மட்டைகளை வைத்துத்தான் ஆடக் கற்றுக்கொண்டேன். இப்போது என் ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) சைபர். பார் 70 உள்ள, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 70 அடியில் முடிக்க வேண்டிய எங்கள் மைதானத்தில் சென்ற டிசம்பரில் 66 அடித்தேன். புரொஃபஷனல் ஆகிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உறுப்பினர் ஒருவர் முதல் 2 ஆண்டுச் செலவைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். அதற்கு ஈடாக 5 ஆண்டுகளுக்கு என் பரிசுப் பணத்தில் பாதியைக் கேட்கிறார். அது வேண்டாம், நகையை அடகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. அப்பா ஒன்றுமே சொல்வதில்லை. தங்கை அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டும். ஞாயிறுதோறும் உறுப்பினர்களின் பிள்ளைகள் இருவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து என் கல்லூரிக் கட்டணத்தைச் சமாளிக்கிறேன். ஒரு போட்டிக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். படிப்பை நிறுத்திவிட்டு இந்த ஆண்டே புரொஃபஷனல் ஆகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசனை

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் 66 என்ற எண்ணைப் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் வரை தடம் விழுந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. பிறர் ஆடிக் கழித்த மட்டைகளோடு, அருகில் நின்று திருத்த ஒரு பயிற்சியாளர் இல்லாமல், 70 பார் மைதானத்தில் 66 அடிப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு அந்த 66 பதில் சொல்லாது. உங்களுடைய மோசமான ஆட்டங்கள்தான் சொல்லும். அவற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஹேண்டிகேப் சைபர் என்கிறீர்கள். அந்தச் சைபர் எப்படி வருகிறது என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா? இப்போது உலகம் முழுக்க இருக்கும் முறைப்படி, நீங்கள் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். மைதானம் எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்து, அவற்றில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியைத்தான் கணக்கிடுவார்கள். மீதி 12 ஆட்டங்கள் கணக்கிலேயே வராது. சனிக்கிழமை காலை நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஒருவருடைய உண்மையான திறமை எவ்வளவு என்று அது காட்டிவிடும், ஒரு நாள் தடுக்கி விழுந்ததற்காக அவரைத் தண்டிக்காது. ஆனால் தொழில்முறைப் போட்டியில் அந்த 12-க்கு மன்னிப்பு கிடையாது. போட்டி நாளில் உங்களுக்கு எந்த ஆட்டம் வாய்க்கிறதோ அதை அப்படியே ஸ்கோர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் கிளப் அலுவலகத்தில் சொல்லிக் கடைசி 20 ஆட்டங்களின் பட்டியலை வாங்குங்கள். நல்ல 8-ஐ ஒதுக்கிவிட்டு மீதி 12-ஐ மட்டும் கூட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள். அது 71 அல்லது 72 என்றால் நான் எழுந்து நிற்பேன். 75, 76 என்றால் கலங்க வேண்டாம். உங்கள் வயதில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் தொழில் தொடங்குகிற இடம் அந்த எண், 66 அல்ல.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஆடுவது மலையில். 6,000, 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அதனால் பந்து கூடுதலாகப் பறக்கும். சமவெளியோடு ஒப்பிட்டால் சுமார் ஏழெட்டு விழுக்காடு வித்தியாசம் வரும். உங்கள் ஊரில் 150 கஜம் போகிற அதே அடி, கீழே இறங்கி வந்தால் 140-இல் விழுந்துவிடும். எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு மட்டைதான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு மட்டை உங்கள் பந்தைக் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் கத்தரித்த புல்தளத்துக்கு, முன்னால் இருக்கும் மணற்குழியில் போடும். குளிரில் ஆடிப் பழகிய உடம்பு ஏப்ரல், மே வெயிலில் 5 மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். மலை மைதானங்களில் தூரம் குறைவு. போட்டி நடக்கும் மைதானங்கள் பல 7,000 கஜத்தைத் தொடும். உங்கள் 20 ஆட்டங்களில் எத்தனை வெளியூரில் ஆடியவை? கடிதத்தில் ஒரே ஒரு மைதானத்தைத்தான் சொல்கிறீர்கள். சொந்த மைதானத்தில் எந்த மேட்டில் பந்து எப்படித் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அந்தப் பழக்கத்தைத் திறமையாக எண்ணி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பணத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளை 2006-இல் தொடங்கிய புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா (பி.ஜி.டி.ஐ.) நடத்துகிறது. அதில் ஆட முதலில் தகுதிப் போட்டியில் தேற வேண்டும். சில நூறு பேர் வருவார்கள், முன்வரிசையில் முடிக்கும் சிலருக்கே முழு அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைத்த பிறகு ஒவ்வொரு வாரமும் கட் என்ற ஒன்று இருக்கிறது. கோல்ஃப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: போட்டி 4 நாள். முதல் 2 நாள் ஆட்டம் முடிந்ததும் முன்னணியில் இருக்கும் 50 இடங்களை ஒட்டிக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 2-ஆம் நாள் மாலையே பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் என்று செய்தியில் படிப்பீர்கள். அதில் முதல் இடத்துக்கு வழக்கமாக 15 லட்சம். அங்கிருந்து கீழே இறங்க இறங்கத் தொகை மளமளவென்று குறையும். கோட்டை ஒட்டிப் பிழைத்தவருக்குக் கிடைப்பது அந்த வாரச் செலவுக்குச் சரியாகப் போய்விடும்.

ஒரு போட்டிக்கு 25 ஆயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் போட்டிருப்பீர்கள். கேடிக்கு வாரச் சம்பளம் போட்டீர்களா? பரிசு கிடைத்தால் அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு, அதைப் போட்டீர்களா? பை தூக்கி வளர்ந்த நீங்களே அதை மறந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், நானும் முதல் ஆண்டு மறந்தேன். போட்டிக்கு 2 நாள் முன்பே போய்ப் பயிற்சி ஆட்டம் ஆட வேண்டும். பந்துகள் தீரும், கையுறை கிழியும், குறைந்த தூர அடிகளுக்கான வெட்ஜ் மட்டையின் வரிப்பள்ளம் தேய்ந்து பந்து கிரீனில் நிற்காமல் ஓடத் தொடங்கும். என் கணக்கில் ஒரு வாரத்துக்கு 50 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 போட்டி ஆடினாலே 5 லட்சம். அதில் 6 போட்டியில் கட் தாண்டாமல் வீடு திரும்புவீர்கள் என்று எண்ணியே திட்டமிடுங்கள். அதற்கு மேல் நடந்தால் அது லாபம்.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. நான் 11 ஆண்டுகள் போட்டிகளில் ஆடினேன். அதில் இன்றும் என்னை விட்டுப் போகாத ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. ஆடத் தொடங்கிய 2-ஆம் ஆண்டு, வடக்கே ஒரு நகரம், பிப்ரவரி மாதம். கடைசிக் குழியில் 4 அடி தூரத்திலிருந்து பட் போட்டால், அதாவது பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளினால், கட் தாண்டலாம். பந்து குழியின் வலது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. அன்று இரவு முன்பதிவில்லாத பெட்டியில் கழிப்பறைக்குப் பக்கத்தில் பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரும் பையைத் திட்டினார்கள். வழி நெடுக அந்த 4 அடியையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னோடு பயணம் செய்த மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என் ஸ்கோர் அட்டையை வாங்கிப் பார்த்தார். 18-ஆம் குழியின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. 7-ஆம் குழியில் எழுதியிருந்த 7 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

அது பார் 4. முதல் அடி மரங்களுக்குள் போய்விட்டது. 2 மரங்களுக்கு நடுவே ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி, அதன் வழியே கிரீன் தெரிந்தது. அடித்தேன், அடிமரத்தில் பட்டு பந்து இன்னும் பின்னால் போனது. பக்கவாட்டில் ஃபேர்வேக்கு, அதாவது வெட்டிய புல்பாதைக்கு, தட்டிவிட்டிருந்தால் 5. அந்த 2 அடி மிச்சமிருந்தால் கடைசிக் குழியின் 4 அடி பட் எனக்குத் தேவையே பட்டிருக்காது. அவர் கேட்டது ஒன்றுதான்: "இன்று உன் கை ஓடவில்லை என்று எந்தக் குழியில் உனக்குத் தெரிந்தது?" உண்மையில் எனக்கு 2-ஆம் குழியிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் நல்ல நாளில் ஆடுவதைப் போலவே ஆடிக்கொண்டிருந்தேன்.

உங்களுடைய 12 ஆட்டங்களிலும் இப்படி ஒரு 7 இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

கேடியாகத் தொடங்கி மேலே வந்தவர்களை உங்களுக்கு எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன், ஏனென்றால் நம் நாட்டு கோல்ஃப் வரலாற்றில் பாதி அவர்களுடையது. டெல்லியில் கேடியாக வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதுவரை எந்த இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரும் அதை வென்றதில்லை. 1993-இல் மறுபடி வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃப் வரை போய் எடுத்தார். அந்த வாரம் தொடங்கும்போது அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனால் உங்களுக்கு நெருக்கமானவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவருடைய அப்பா கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன் பராமரிக்கும் ஊழியர், உங்கள் அப்பாவைப் போல. மகன் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார். 1997-இல் புரொஃபஷனல் ஆனவர் ஐரோப்பிய டூர் என்ற போட்டித் தொடரில் முதல் பட்டத்தை 2008-இல், டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில்தான் வென்றார். இடையில் 11 ஆண்டுகள். இந்தியன் ஓப்பனில் பலமுறை 2-ஆம் இடத்தோடு திரும்பினார். 2015-இல் பிளே-ஆஃபில் அனிர்பன் லாஹிரியிடம் கைநழுவவிட்டார். 2016-இலும் 2017-இலும் அதே பட்டத்தை அடுத்தடுத்து எடுத்தார். அவர் நீண்ட தூரம் அடிப்பவர் அல்ல. கிரீனைச் சுற்றி 30 கஜத்துக்குள் அவர் கை செய்யும் வேலையைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள் அவர் பெயரையே சிப் (கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைச் சற்றே தூக்கி அடிப்பது), பட் என்ற இரண்டு சொற்களையும் கலந்து "சிப்புட்சியா" என்று மாற்றிவிட்டார்கள். மோசமான நாளில் ஒருவரைக் காப்பாற்றுவது அந்த 30 கஜம்தான். டிரைவ் என்கிற முதல் நீள அடி கோணலாகப் போகும் நாளில் அதைத் திருத்த அன்றைக்கே வழி கிடையாது. கிரீனைத் தவறவிட்ட பிறகும் சிப் அடித்து ஒரே பட்டில் முடிக்கத் தெரிந்தவருக்கு 76 ஆக வேண்டிய ஆட்டம் 72-இல் நிற்கும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக்கை நினைத்துப் பாருங்கள். களத்தில் இருந்தவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவர் ஒருவர். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனாவிலிருந்து மீண்டிருந்தார். பட் போடும் பட்டர் மட்டை ஒன்றைக் கொண்டு முதல் 3 நாளும் பதக்க வரிசையில் நின்று, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பிடித்தார். பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய அம்மா.

அப்பா ஒன்றுமே சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த வரி இதுதான். 22 ஆண்டுகளாக விடிவதற்கு முன் பனியில் முதலில் கிரீனில் கால் வைப்பவர் அவர். சமவெளி மைதானங்கள் பலவற்றில் பெர்முடா வகைப் புல் இருக்கும். அதன் இலை எந்தப் பக்கம் படிந்து வளர்கிறதோ அந்தப் பக்கம் பந்தை இழுக்கும். குழியை நோக்கி நிற்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் இலை உங்களை விட்டு விலகிப் படிந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிப் படிந்திருக்கிறது, பந்து இழுத்து நிற்கும். குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள், ஒரு பக்கம் கத்தரித்ததைப் போலவும் எதிர்ப்பக்கம் பிய்ந்ததைப் போலவும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் சாய்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்களாகிய நாங்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறோம். உங்கள் வீட்டில் இதைக் கையாலேயே அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அதிகாலை அவர் கூடப் போங்கள். மட்டை வேண்டாம். புல் வெட்டும் இயந்திரத்தின் பின்னால் நடந்துகொண்டே கேளுங்கள். புரொஃபஷனல் ஆகட்டுமா என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவர் வாய் திறக்க மாட்டார். புல்லைப் பற்றிக் கேளுங்கள். அவர் எத்தனையோ உறுப்பினர்களையும் அவர்களுடைய வாக்குறுதிகளையும் பார்த்தவர். அவருடைய மௌனத்தில் என்ன இருக்கிறது என்பது மெல்ல வெளியே வரும்.

வாக்குறுதி என்றதும் அந்த உறுப்பினரின் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பரிசுப் பணத்தில் பாதி என்றால் எந்தப் பாதி? செலவு, கேடியின் பங்கு, வரிப் பிடித்தம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில் பாதியா, அல்லது அறிவிக்கப்படும் தொகையில் பாதியா? 2-ஆவதுதான் என்றால் 3-ஆம் ஆண்டில் நீங்கள் ஆடுவது அவருக்காகத்தான். செலவு தருவது 2 ஆண்டு, பங்கு எடுப்பது 5 ஆண்டு. மீதி 3 ஆண்டுச் செலவு யாருடையது? தோள்பட்டையில் காயம் பட்டு ஓர் ஆண்டு ஆட முடியாமல் போனால் அந்த ஆண்டும் 5-இல் சேருமா? இவை எழுத்தில் இல்லாமல் கைகுலுக்கலோடு முடியக் கூடாது. நான் உங்களைவிடச் சற்று மூத்த வயதில், படித்துக்கூடப் பார்க்காமல் இப்படியொரு தாளில் கையெழுத்துப் போட்டேன். 3-ஆம் ஆண்டில் எனக்கு ஒரு நல்ல வாரம் வாய்த்தது. வந்த தொகையில் செலவு போக எனக்கு மிஞ்சியது ஒரு மாத வீட்டு வாடகை. அவரை நான் குறை சொல்ல முடியாது, தாளில் எழுதியிருந்ததைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய ஏற்பாடு வேறு. அவர் கொடுத்த தொகையும் அதற்குமேல் ஒரு நியாயமான லாபமும் போய்ச் சேர்ந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிட வேண்டும். பங்கு எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவர் செலவும் தர வேண்டும். கணக்கு எப்போதும் செலவு போக மிஞ்சும் தொகைக்கே இருக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தக் கிளப்பிலேயே 2 வழக்கறிஞர்களாவது உறுப்பினர்களாக இருப்பார்கள். இதற்கெல்லாம் அவர் முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்.

அம்மாவின் நகையைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தங்கையின் கல்லூரிப் படிப்பு அடுத்த ஆண்டு தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடகுக் கடை வட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு 4 அடி பட் போட முடியாது, கை நடுங்கும். மரங்களுக்கு நடுவே கதவு அகல இடைவெளி தெரிகிறபோது, பக்கவாட்டில் தட்டிவிட்டு 5 வாங்கிக்கொள்ளும் பொறுமை கடன்காரனுக்கு வராது.

அடுத்து, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஞாயிறுதோறும் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறீர்கள். சில விதிவிலக்குகளைத் தவிர, ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கட்டணம் வாங்கினாலே அமெச்சூர் (ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்) என்ற தகுதி போய்விடும் என்பது விதி. கேடி வேலைக்குப் பணம் வாங்குவதில் குற்றமில்லை, பாடத்துக்கு வாங்குவதில்தான் சிக்கல். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கும் அந்த வயதில் தெரியாது. இப்போதே நிறுத்துங்கள். இந்தியன் கோல்ஃப் யூனியனுக்கு, நாங்கள் ஐ.ஜி.யூ. என்று சொல்வது, நடந்ததை மறைக்காமல் எழுதித் தகுதியை முறைப்படி மீட்டுத்தரச் சொல்லி விண்ணப்பியுங்கள். மீட்பதற்கு வழி இருக்கிறது. மறைத்து ஆடி, போட்டியின் நடுவில் யாராவது புகார் கொடுத்தால் அந்தக் கறை நீண்ட நாள் கூடவே வரும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், அடுத்த ஒன்றரை ஆண்டு நீங்கள் அமெச்சூராகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐ.ஜி.யூ.வின் அமெச்சூர் போட்டிகள் பல ஊர்களில் நடக்கின்றன. 4, 5 போட்டிகளுக்காவது கீழே இறங்கி வந்து ஆடுங்கள். இளைஞர் ஒருவர் போட்டிக்குப் போய்வரும் செலவைத் தர உறுப்பினர்கள் 4 பேர் சேர்ந்தால் போதும், அதற்குப் பங்கு கேட்க மாட்டார்கள். 2022-இலிருந்து விதிகள் தளர்ந்திருக்கின்றன, அமெச்சூர் ஆட்டக்காரர் செலவுக்கும் விளம்பரத்துக்கும் ஆதரவு பெறுவதில் முன்பிருந்த கெடுபிடி இல்லை. பரிசுக்கு மட்டும் வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டாமல் அமெச்சூராக இருந்துகொண்டே தொழில்முறைத் தகுதிப் போட்டியிலும் ஆடிப் பார்க்கலாம். பலர் அப்படித்தான் முதலில் ஆழம் பார்க்கிறார்கள். தேறினால் அன்றைக்கு முடிவெடுங்கள். தேறாவிட்டால் எதையும் இழக்காமல் ஊருக்குத் திரும்பலாம். புரொஃபஷனல் என்று அறிவித்துவிட்டுத் தோற்றுத் திரும்புகிறவருக்கு அந்தக் கதவு அத்தனை எளிதில் திறக்காது.

பி.காம். இறுதி ஆண்டை முடித்துவிடுங்கள். சில மாதங்கள்தானே. இதில் மேலே விவாதிக்க ஒன்றுமில்லை.

போட்டி ஆட்டம் மட்டும்தான் கோல்ஃப் தொழில் என்றும் எண்ண வேண்டாம். நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்சியாளர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. நான் இன்று பிழைப்பதும் சொல்லிக்கொடுத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த 2 பிள்ளைகளுக்கும் உங்களிடம் வருவதில் ஆர்வம் இருக்கிறதென்றால் அதுவும் ஒரு திறமை, அதைத் தோற்றவர்களின் வேலையாகப் பார்க்காதீர்கள். ஆனால் இந்தப் பாதையை எடுத்தால் அமெச்சூர் தகுதியை விட்டுவிட வேண்டும். எனவே இதுவும் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு.

நீங்கள் ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் வரிகளுக்கு நடுவே அது இருக்கிறது: காலம் கடந்துவிடுமோ என்ற பதற்றம். 20 வயதில் இந்தப் பதற்றம் எல்லோருக்கும் வரும். கொல்கத்தாவில் வளர்ந்த அர்ஜுன் அத்வால் 2010-இல் தோள்பட்டைக் காயத்தால் அமெரிக்க டூரில் தன் அனுமதியை இழந்திருந்தார். வயது 37. அடுத்த சில வாரங்களில், திங்கட்கிழமை நடக்கும் திறந்த தகுதி ஆட்டத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, தேறி, அதே வாரம் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். அமெரிக்க டூரில் வென்ற முதல் இந்தியர் அவர்தான். கடைசிக் குழியில் பார் எடுக்க ஒரு பட் போட வேண்டியிருந்தது, போட்டார். உங்களுக்கு இன்னும் 17 ஆண்டு இருக்கிறது.

ஒன்றரை ஆண்டு கழித்து நான் பார்க்க விரும்புவது இதைத்தான்: சமவெளியில், போட்டியில், அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுத்த 20 ஆட்டங்கள். அவற்றில் மோசமான 12-இன் சராசரி பாரைவிட 3 அடிக்கு மேல் போகாமல் இருந்தால், கையில் 2 ஆண்டுக்கான பணம் கடனில்லாமல் சேர்ந்திருந்தால், தகுதிப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் பையை முதல் நாள் நானே தூக்குகிறேன்.

அதற்கு முன் இப்போதைய 20 அட்டைகளை நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குழியின் எண்ணும் தெரிய வேண்டும். ஆலோசனைக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். கல்லூரித் தேர்வு முடிந்ததும் ஒரு நாள் பெங்களூர் வாருங்கள், அப்பாவுக்கு விடுப்பு கிடைத்தால் அவரையும் அழைத்து வாருங்கள், எங்கள் மைதானத்தின் 14-ஆவது கிரீனில் புல் ஏன் ஒரு பக்கம் மட்டும் பழுக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டும். பையில் டிரைவர் மட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெட்ஜும் பட்டரும் போதும்.